கரையேறிய படகுகளும் ஆறு ரோல் ஃபிலிமும்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, அடியில் சிப்பி போல ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டி, பலகை மாற்றி, பலகை இடுக்குகளில் இழை திணித்துக் கலப்பத்து அடித்து, பெயிண்ட் பூசுவது அந்த நாட்களில்தான். படகின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்வார்கள். அதைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்து நானே கழுவிப் பிரிண்ட் போட வேண்டும் என்று இறங்கி, ஆறு ரோலில் நான்கைப் பாழாக்கினேன். ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஃபிலிம் கழுவும் டேங்க், கெமிக்கல், பஸ், தங்கிய வாடகை எல்லாம் சேர்த்து 12 ஆயிரத்தைத் தாண்டியது. பணத்தைவிட மனதை அறுத்தது இன்னொன்று. வேலை செய்துகொண்டிருந்த ஒரு தம்பி, "அண்ணே, எங்க படத்த எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டான். வர்ற வாரம் என்று சொல்லியிருந்தேன். நெகட்டிவில் அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி போலத் தெளிந்த ஃபிலிம்தான் இருந்தது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தப்பியிருக்கும். அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதல் தப்பு கழுவும்போது நடக்கவில்லை, எடுக்கும்போதே நடந்துவிட்டது. கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கணக்குப் போடும் கருவி. இந்தக் கரையில் மே மாத நடுப்பகலில் வெள்ளை மணலும், வெளுத்த வானமும், கடலின் பளபளப்பும் சேர்ந்து சட்டத்தில் முக்கால்வாசியை நிறைத்துவிடும். மீட்டர் மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். என் கணக்கையே தருகிறேன். ஃபிலிம் இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ், அதன் ஒளியுணர்வு வேகம் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துளை எஃப் 16. மொத்தக் காட்சிக்கு மீட்டர் காட்டியது 1/500 வினாடி. மணலை மட்டும் கிட்டே போய் அளந்தால் 1/1000. படகின் அடிவயிற்று நிழலை மட்டும் அளந்தால் 1/30. மணலுக்கும் நிழலுக்கும் நடுவே ஐந்து ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. நான் 1/500-இலேயே எடுத்தேன். நிழல் நடுச்சாம்பலுக்கு நான்கு ஸ்டாப் கீழே விழுந்துவிட்டது. அங்கே ஃபிலிமில் சொல்லும்படி எதுவும் பதியாது.

செய்திருக்க வேண்டியது இது. நிழலில் எந்தப் பகுதியில் விவரம் தெரிய வேண்டுமோ அதை மட்டும் கிட்டே போய் அளக்க வேண்டும். 1/30 என்று வந்தால் அதை அப்படியே வைக்கக் கூடாது, வைத்தால் நிழல் நடுச்சாம்பலாகி மொத்தப் படமும் வெளுக்கும். அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து 1/125 வைத்தால் நிழல் இருட்டாகவும் இருக்கும், உள்ளே ஆணியும் பலகை மூட்டும் தெரியவும் செய்யும். கறுப்பு முதல் வெள்ளை வரை சாயல்களை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு மண்டலமாக எண்ணுவது ஸோன் சிஸ்டம், அதில் நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். அதைப் படித்தவர்கள் இதைத்தான் மூன்றாம் மண்டலம் என்பார்கள். அப்போது மணல் நடுச்சாம்பலுக்கு மூன்று ஸ்டாப் மேலே, எட்டாம் மண்டலத்தில் போய் உட்காரும். கொஞ்சம் அதிகம்தான். அதைக் கீழே இறக்குவது கழுவும்போது செய்கிற வேலை. அளக்க வசதி இல்லாத அவசரத்தில், மணல் நிறைந்த காட்சிக்கு மீட்டர் காட்டுவதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி கழுவின கதை. ஃபிலிமில் பதிந்ததை வெளியே கொண்டுவரும் கரைசல்தான் டெவலப்பர். எச்பி5 பிளஸை ஐடி-11 என்ற டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். அந்த 13-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன், 20-ஐ விட்டுவிட்டேன். மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்கில் பிற்பகல் தண்ணீர் 36, 37 டிகிரி இருக்கும். ராத்திரி ஆறவிட்டுப் பிடித்தாலும் என் டெவலப்பர் 31 டிகிரியில் இருந்தது என்பது பின்னால் தெர்மாமீட்டர் வாங்கியபோதுதான் தெரிந்தது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, ஆய்வகக் கடையில் கிடைக்கும் நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டர் வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 31 டிகிரிக்கு ஏறக்குறைய 4 நிமிடம்தான். நான் 13 நிமிடம் ஊறவிட்டேன். முதல் இரண்டு ரோலும் இப்படித்தான் போயின. நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் தெளிவாகவும் விழும். வானமும் மணலும் தார் பூசியது போல அடைத்துக்கொண்டன. முகங்கள் இருந்த இடம் காலி. இதில் நெஞ்சை அடைத்தது, முதல் ரோலில் நிழல் மெலிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நேரம் போதவில்லை போலும் என்று இரண்டாவது ரோலை இன்னும் இரண்டு நிமிடம் கூட்டிக் கழுவியதுதான்.

இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். நிழல் பகுதியில் ஒளி பட்ட வெள்ளித் துகள்கள் மிகக் கொஞ்சம். டெவலப்பர் அவற்றைச் சீக்கிரமே மாற்றி முடித்துவிடும், அதற்குப் பிறகு அங்கே அதற்கு வேலை இல்லை. வெளிச்சப் பகுதியில் துகள்கள் ஏராளம், நேரம் கொடுக்கக் கொடுக்க அது கறுத்துக்கொண்டே போகும். ஆகவே நேரத்தைக் கூட்டினால் நிழல் ஏறாது, வெளிச்சம்தான் ஏறும், இரண்டுக்கும் இடைவெளி அகலும். கான்ட்ராஸ்ட் என்பது அந்த இடைவெளிதான். நிழலைத் தீர்மானிப்பது கேமராவில் கொடுக்கும் ஒளி, வெளிச்சத்தைத் தீர்மானிப்பது டேங்கில் கொடுக்கும் நேரம். இந்தக் கரையின் வெயிலுக்கு ஒளியைத் தாராளமாகக் கொடுத்து நேரத்தைச் சுருக்க வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தேன்.

கிரெய்ன், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் வெள்ளித் துகள், அந்த விஷயமும் இதோடு ஒட்டியதுதான். என் முதல் பிரிண்டில் கிரெய்ன் ரவையை அள்ளித் தூவியது போல இருந்தது. 400 ஃபிலிம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஃபிலிம்மேல் பழி போட்டேன், அது தப்பு. வேக ஃபிலிமில் துகள் பெரிதுதான். ஆனால் கண்ணை உறுத்தும் அளவுக்குப் போவது சூடான டெவலப்பரும், நீண்ட நேரமும், ஓயாத குலுக்கலும், மெலிந்த நிழலைப் பிரிண்டில் வலுக்கட்டாயமாக இழுப்பதும் சேரும்போது. ஃபிலிம் தாங்குகிறது என்று ஒளியை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் நெகட்டிவ் தடித்து கிரெய்ன் கூடும், ஆகவே சரியான அளவுக்கு மேல் ஒரு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐடி-11, அதைப் போன்ற கோடக் டெவலப்பரான டி-76 இரண்டிலும் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது. அது துகளின் விளிம்பைக் கொஞ்சம் கரைத்து மிருதுவாக்கும். தண்ணீர் கலக்காமல் நேராகப் பயன்படுத்தினால் இந்தக் குணம் முழுதாகக் கிடைக்கும், கிரெய்ன் நயமாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் விளிம்புகள் கூர்மையாகும், கிரெய்ன் ஒரு பொடி கூடும். ஆனால் நேரடிக் கரைசலில் 20 டிகிரிக்கே ஏழரை நிமிடம்தான். நம் சூட்டில் அது 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கிவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஊற்றும்போதும் வடிக்கும்போதும் ஆகிற சில நொடி வித்தியாசமே வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். எச்பி5-ஐ நான் ஒன்றுக்கு ஒன்றிலேயே வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது ரோலை ஐஸ் கொன்றது. மீனுக்குப் போடும் ஐஸ் இந்தக் கரையில் கேட்ட இடத்தில் கிடைக்கும். அதை உடைத்து நேராக டெவலப்பருக்குள் போட்டேன். 20 டிகிரி வந்தது. கூடவே எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்ற கணக்கும் போயிற்று, ஐஸில் இருந்த அழுக்கும் சேர்ந்தது. அதைவிட மோசம், 20 டிகிரி டெவலப்பரிலிருந்து எடுத்த ஃபிலிமை 35 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் அலசியது. ஃபிலிமின் மேல்பூச்சில் இருக்கும் ஜெலட்டின் சூட்டில் ஊதி மெத்தென்று ஆகிவிடும். இன்றைய ஃபிலிம்கள் பழையவை போல வலைபின்னிச் சுருங்குவது அரிது, ஆனால் ஊதிய நிலையில் விரலால் நீர் வழித்தால் போதும். நான் வழித்தேன். ரோல் முழுக்க இரண்டு நீளக் கீறல்.

நான்காவதைக் காற்று எடுத்துக்கொண்டது. வராந்தாவில் கொடி கட்டிக் காயப் போட்டேன். மே, ஜூன் மாதங்களில் இங்கே தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வரும். ஈர ஜெலட்டினில் ஒட்டிய மணல் காய்ந்த பிறகு துடைத்தால் போகாது, உள்ளே புதைந்திருக்கும். போதாததற்குப் போர்த் தண்ணீரில் அலசியதால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். டெவலப்பரில் இருக்கும் சல்ஃபைட்டோடு அந்தச் சுண்ணாம்பு சேர்ந்தால் மாவு போல வெண்மையாகத் திரியும், அதுவும் ஃபிலிமில் படியும். கரைசல் கலக்கவும் கடைசி அலசலுக்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. ஒரு 20 லிட்டர் கேன் ஏழெட்டு ரோலுக்கு வரும்.

கடைசி இரண்டு ரோலை எடுப்பதற்கு முன் ஒரு வாரம் எதையும் தொடவில்லை. பிறகு அமைத்துக்கொண்ட முறை இன்றுவரை மாறவில்லை. 20 டிகிரிக்காக மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் 24 டிகிரி. டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், மீதி வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, அலசும் தண்ணீர் நான்கும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம், எண் அதற்கு அடுத்தது. விடிகாலை நாலரை மணிக்கு மாடி டேங்க் தண்ணீர் 28 டிகிரி வரை இறங்கியிருக்கும், அப்போதே தொடங்கிவிட வேண்டும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் அந்தத் தண்ணீரை நிரப்பி, அதில் மூடி இறுக்கிய பாட்டில் ஐஸ் இரண்டை மிதக்கவிட வேண்டும். கரைசல் பாட்டில்கள் எல்லாம் அந்தத் தொட்டிக்குள் கழுத்தளவு நிற்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் 24-க்கு வந்துவிடும். கழுவும்போதும் குலுக்கல்களுக்கு நடுவே டேங்கைத் தரையில் வைக்காமல் தொட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் அறைச் சூட்டில் ஏறிவிடும். ஒரு ரோலுக்கு 290 மில்லி போதும் என்றாலும் இரண்டு ரீல் டேங்கில் ஒரே ரோலைப் போட்டு 600 மில்லி ஊற்றுகிறேன், 300 டெவலப்பர், 300 தண்ணீர். நீர் அதிகமாக இருந்தால் சூடு சட்டென்று மாறாது. 20 டிகிரியின் 13 நிமிடம் 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். வெயில் ரோலுக்கு அதிலும் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துவிட்டு 7 நிமிடம். எச்பி5-ஐ 400 என்று நினைக்காமல் கேமராவில் 200 என்று வைத்து, அதாவது ஒரு ஸ்டாப் ஒளி கூட்டி எடுத்தால் இந்த 7 நிமிடம் பொருந்தும். எட்டாம் மண்டலத்துக்குப் போன மணல் ஏழுக்கு இறங்கி, காலடித் தடம் தெரியும்.

குலுக்குவதற்கும் அளவு உண்டு. முதல் 10 வினாடியில் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் முதல் 10 வினாடியிலும் நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் டேங்கைத் தொட்டி ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழி விலகும். பதற்றத்தில் ஓயாமல் குலுக்கினால் வெளிச்சப் பகுதிக்குப் புதுக் கரைசல் போய்க்கொண்டே இருக்கும், கான்ட்ராஸ்ட் ஏறும், ஃபிலிம் ஓரத்துப் பல்லோட்டைகளை ஒட்டிக் கோடு கோடாகக் கறுக்கும். அசையாமல் விட்டால் வெளிச்சம் பட்ட இடத்தில் டெவலப்பர் களைத்து நின்றுவிடும், நிழல் மட்டும் மெல்ல வேலை செய்யும். வெயில் ரோலுக்கு இந்தக் களைப்பு நன்மைதான், ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவைக்கும் கீழே குறைத்தால் திட்டு விழும்.

ஸ்டாப் பாத்துக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 15 கிராம் போதும். ஹைப்போவை நம்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வெட்டிப்போட்ட ஃபிலிம் நுனியை அதில் போட்டுப் பாருங்கள். பால் நிறம் மறைந்து தெளிய எத்தனை வினாடி ஆகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு ஃபிலிமுக்குக் கொடுக்க வேண்டும். புதுக் கரைசலில் ஆனதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடலாம். கழுவின நெகட்டிவ் மங்கலாகப் பால் படிந்து தெரிந்தால் பதறாதீர்கள், புது ஹைப்போவில் மறுபடி போட்டால் சரியாகிவிடும். இந்தத் தொழிலில் திருத்த முடிகிற தப்பு இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஃபிலிமை ரீலில் ஏற்றுவதும் விடியலில்தான். பகலில் கறுப்புப் பைக்குள் கையை விட்டால் ஐந்து நிமிடத்தில் உள்ளே ஆவி கட்டும், ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது, வியர்வை விரல் பட்ட இடம் ரேகையாகப் பதியும். பிளாஸ்டிக் ரீல் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த ரோலை டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்த பிறகே கேமராவில் போடுங்கள், இந்த ஈரக் காற்றில் உடனே திறந்தால் நீர் பூத்துவிடும். எடுத்து முடித்த ரோலை பைக் பெட்டியில் வெயிலில் விடவே கூடாது.

35 எம்எம் ஃபிலிமில் இன்னொரு கஷ்டம், 36 படமும் ஒரே டேங்கில் ஒரே நேரம் ஊறியாக வேண்டும். காலை ஆறு மணி மென்வெளிச்சத்தில் பத்துப் படம், நடுப்பகலில் இருபது என்று கலந்து எடுத்தால் ஒன்றுக்குச் சரியான நேரம் மற்றதைக் கெடுக்கும். ஒரு வெளிச்சத்துக்கு ஒரு ரோல். மீதி இருந்தாலும் அந்த வெளிச்சம் மறுபடி வரும்வரை காத்திருங்கள். முடிந்ததும் டப்பாமேல் மார்க்கரால் வெயில், மூட்டம் என்று எழுதிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வானம் மூடியிருக்கும்போது கான்ட்ராஸ்டே இருக்காது, அந்த ரோலை 400-லேயே எடுத்து முழு 9 நிமிடம், சில நாள் 10 நிமிடம்கூடக் கழுவலாம். உங்கள் தெர்மாமீட்டரும் உங்கள் கையும் என்னுடையவை அல்ல, ஆகவே ஒரு ரோலைச் சோதனைக்கென்றே செலவழியுங்கள். ஒரே படகை ஒரே வெளிச்சத்தில் ரோல் முழுக்க எடுத்து, இருட்டில் மூன்றாக வெட்டி, 6, 7, 9 நிமிடம் என்று தனித்தனியாகக் கழுவுங்கள். காய்ந்ததும் தினத்தாள் எழுத்தின்மேல் நெகட்டிவை வையுங்கள். மிகக் கறுத்த பகுதி வழியாக எழுத்தை முயன்று படிக்க முடிந்தால் சரி. எழுத்தே தெரியாவிட்டால் நேரம் அதிகம். நிழல் பகுதி ஃபிலிமின் ஓரம் போலவே வெறுமையாக இருந்தால் கழுவியதில் குறையில்லை, எடுத்ததில் குறை.

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகும்போது 400 ஃபிலிமை எடுத்துப் போவதையே விட்டுவிட்டேன். அந்த வெளிச்சத்துக்கு எஃப்பி4 பிளஸ் போன்ற 125 ஃபிலிம் தாராளம். அதை 80 என்று வைத்து எடுத்தாலும் ஷட்டர் வேகம் போதுமானதாக இருக்கும், உப்புக் குவியலின் மினுமினுப்பு கிரெய்னில் மறையாது. ஃபில்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வானம் கறுத்து மேகம் எழும்ப வேண்டும் என்று சிவப்பு ஃபில்டர் போடச் சொல்வார்கள். திறந்த கரையில் நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தை அடைத்துவிடும், ஏற்கெனவே இருண்ட நிழல் குழியாகிவிடும். மூன்று ஸ்டாப் கூட்டினாலும் அது ஈடாகாது. மஞ்சள் ஃபில்டர், ஒரு ஸ்டாப், அதோடு போதும்.

அலசுவதற்கு ஓடும் தண்ணீர் தேவையில்லை. ஹைப்போவில் படிகாரம் சேர்க்காதவரை டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். கோடையில் ஜெலட்டினை இறுக்கப் படிகாரம் கலந்த ஹைப்போ பயன்படுத்துகிறவர்களுக்கு அலச அதிக நேரம் ஆகும். அவர்களுக்குக் கடல் தண்ணீரே கைகொடுக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் செய்து கண்டது இது: உப்பு நீரில் ஹைப்போ நல்ல தண்ணீரைவிட விரைவாக வெளியேறும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கியிருக்கும், வடகடலான பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். அங்கே எடுத்து, இரவு முழுக்கத் தெளியவைத்து, வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி அலசினேன். ஆனால் உப்பு ஃபிலிமில் தங்கினால் வெள்ளி காலப்போக்கில் கெடும், ஈரமும் இழுக்கும், ஆகவே கடைசியில் கேன் தண்ணீரில் நான்கைந்து முறையாவது மாற்றி மாற்றி அலச வேண்டும். பிறகு நீர் சொட்டாகத் தங்காமல் வழியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் 200 பங்குக்கு ஒரு பங்கு கலந்த டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு நிமிடம். விரல் படக் கூடாது. குளியலறையில் ஷவரைச் சில நிமிடம் திறந்துவிட்டுத் தூசியை அடக்கி, ஜன்னலைச் சாத்தி, உள்ளேயே தொங்கவிட வேண்டும்.

பாழான முதல் இரண்டு ரோலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். தடித்த நெகட்டிவை மெலியவைக்கப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் கலந்த ஃபார்மர் கரைசல் என்று ஒன்று உண்டு. அது முதலில் தின்பது நிழலில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெள்ளியைத்தான். கான்ட்ராஸ்ட் இன்னும் ஏறும், என் நெகட்டிவுக்கு அது விஷம். அதனால் தொடவில்லை. வானத்துக்கு ஒரு ஸ்கேன், நிழலுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து இணைத்ததில் ஐந்தாறு படம் தேறியது, எல்லாமே ஆள் இல்லாத படகுகள். கடைசி இரண்டு ரோலிலிருந்து 14 படம் பிரிண்ட் போட்டு, தடைக்காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பலகையின் நரம்பு, கலப்பத்து இழை, படுத்திருந்தவரின் புருவம்வரை தெரிந்தது. முதல் நாள் கேட்ட அந்தத் தம்பி அதில் இல்லை, அவன் முதல் ரோலில்தான் இருந்தான். பிரிண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னைய எடுக்கலையாண்ணே?" என்றான். அன்று காலையே அவனைப் படகின் நிழலுக்குள் உட்காரவைத்து, நிழலை அளந்து, 1/125-இல் எடுத்தேன்.